வெட்டுறவன் கடைசியா எடுக்கணும்

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பிள்ளைகள். மூன்று பேரும் மூன்று வழியாக வந்தவர்கள். பெரியவன் எங்கள் நைனாவின், அதாவது அப்பாவின், முதல் மனைவி பெற்றவன். அந்த அம்மா அம்மை போட்டு இறந்துபோனார். நான் என் அம்மாவின் முதல் புருஷனுக்குப் பிறந்தவள். அவர் லாரியில் அடிபட்டுச் செத்தபோது எனக்கு இரண்டு வயது, முகம்கூட நினைவில்லை. எனக்கு நாலு வயதில் அம்மா நைனாவைக் கட்டிக்கொண்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடும் என்னோடும் கொரட்டூருக்கு வந்தாள். எங்கள் ஜனத்தில் தாலியறுத்தவள் மறுபடி கட்டிக்கொள்வது வழக்கம்தான், யாரும் வாயைப் பிளக்கவில்லை. அடுத்த வருஷம் இரண்டு பேருக்கும் பொதுவாகச் சின்னவள் பிறந்தாள்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்கிறவர்களுக்குத் தலை சுற்றும். நைனாவுக்குச் சுற்றியதே இல்லை. எங்களைப் 'பெரிசு, நடுவு, சின்னது' என்று கூப்பிடுவார். நான் நடுவு.

நைனா இரும்பு கடைகிற லேத் மிஷினில் டர்னர். முதலில் பட்டணத்தில் ஒரு பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தார். அம்பத்தூரில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வந்ததும் அங்கே ஒரு சின்னக் கம்பெனிக்கு மாறிக்கொண்டார். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அடுத்தவன் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அதனாலோ என்னவோ, ஏரிப் பக்கம் விலை மலிவாக இருந்த காலத்திலேயே தன் பேரில் ஒரு மனை வாங்கினார். முன்பக்கம் ஓட்டு வீடு கட்டினார். பின்பக்கம் நீளமாகக் காலி இடம், நடுவில் ஒரு உறைகிணறு, ஒரு முருங்கை மரம்.

டர்னர் வேலை செய்கிறவன் எதையும் கண் மதிப்பில் விடமாட்டான். வீட்டில் ஆணி அடிப்பதானாலும் நைனாவுக்கு ஸ்டீல் ஸ்கேல் வேண்டும். டேப் பிடித்து அளக்கும்போது பூஜ்யம் இருக்கிற முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. "ஆடாத புடி நடுவு" என்பார். தீபாவளிக்கு அம்மா தட்டில் தேங்காய் பர்ஃபி ஊற்றி ஆறவைப்பாள். நைனா காம்பஸ் மாதிரி இரண்டு கால் உள்ள தன் டிவைடரைச் சோடாமாவு போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, வட்டத் தட்டின் ஓரத்தில் அதன் காலை ஊன்றி ஊன்றி அடையாளம் வைப்பார். மூன்று பங்கு, நூல் பிசகாது. கத்தியைப் பெரியவனிடம் கொடுத்துவிட்டு ஒரு சட்டம் சொல்வார்:

"வெட்டுறவன் கடைசியா எடுக்கணும்."

அப்போதுதான் வெட்டுகிறவன் ஓரவஞ்சனை செய்ய மாட்டானாம். சின்னவள் எந்தத் துண்டானாலும் சரி என்று சொல்லிவிடும் பிறவி. அதனால் முதலில் எடுப்பது நான். அம்மா போடும் முந்திரிப்பருப்பு ஏழோ எட்டோதான். அது எந்தத் துண்டில் அதிகமாக உட்கார்ந்திருக்கிறது என்று நன்றாகப் பார்த்து அதைத் தூக்கிக்கொள்வேன். பெரியவன் என்னை முறைப்பான். என்னைவிட நாலு வயது மூத்தவன், என்னோடு அதிகம் பேச மாட்டான். பேசினாலும் "ஏய்" என்பதோடு சரி. என் அம்மாவை அவன் சித்தி என்றுதான் கூப்பிடுவான். அண்ணா என்று கூப்பிடச் சொன்னார்கள். கூப்பிட்டால் திரும்பாதவனை எத்தனை நாள் கூப்பிடுவது? நானும் விட்டுவிட்டேன்.

என் குணத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு எதிலும் மூக்கை நுழைக்க வேண்டும். பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைப் பிரித்துப் படிக்காமல் எறிந்ததில்லை. "இது வாயி இல்ல, கேள்விக்குறி" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். இந்தக் குணத்துக்கு ஏற்ற மாதிரி டைப்ரைட்டிங் பாஸ் பண்ணி, எஸ்டேட்டிலேயே ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் ஆனேன். ஊரார் கடிதத்தையெல்லாம் படிப்பதற்குச் சம்பளம் கொடுத்தால் கசக்குமா?

எழுபதுகளின் தொடக்கத்தில், எனக்கு இருபத்துநாலு வயதில், நைனா ஒரு நாள் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டக் குனிந்தவர், அப்படியே உட்கார்ந்து சாய்ந்துவிட்டார். எழுப்பப் போனபோது உயிர் இல்லை. உயில் எதுவும் எழுதிவைக்கவில்லை.

காரியம் முடிந்ததும் கம்பெனியில் சொன்னார்கள்: வாரிசு சர்டிபிகேட் வாங்கி வந்தால்தான் அவர் பணமும் வரும், வீட்டின் பட்டாவும் மாறும். மனு கொடுத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிராமக் கணக்குப் பார்க்கும் கர்ணம் விசாரணைக்கு வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தெருவே கூடிவிட்டது. நைனாவின் தம்பி, எங்கள் சித்தப்பாவும் வந்து ஒரு ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணன் போன நாளிலிருந்தே அவருக்கு அந்த இடத்தின் மேல் ஒரு கண். "ரெண்டாந்தாரத்துக்கு இன்னா பாத்தியதை கீது?" என்று அவர் கேட்டுக்கொண்டு திரிந்தது எங்கள் காதுக்கும் வந்திருந்தது.

"இறந்தவருக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கர்ணம் பொதுவாகக் கேட்டார்.

"மூணு சார்!" என்றது தெரு, ஒரே குரலில்.

எனக்கு உள்ளே குளிர்ந்துபோனது. உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். அந்த ஊர்வாய் அன்றைக்கு எனக்காகத் திறந்தது. ஆனால் கர்ணம் அந்தக் கிராமத்திலேயே பிறந்து வளர்ந்த மனிதர். எந்த ஆட்டுக்கு எந்தக் குட்டி என்று அவருக்குத் தெரியும்.

"நடுவுல உள்ள பொண்ணு, அம்மாகூட வந்ததுதானே?" என்றார்.

அம்மா உள்ளே ஓடி என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை எடுத்து வந்து பிரித்துக் காட்டினாள். தகப்பனார் பெயர் என்ற இடத்தில் நைனா பெயர் இருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அவரே போய்க் கொடுத்த பெயர்.

"பள்ளிக்கூடத்துல யார் பேரை வேணும்னாலும் குடுக்கலாம்மா. உயில் இருந்திருந்தா அவர் சம்பாதிச்ச இடம், அவர் இஷ்டப்பட்டவங்களுக்கு எழுதியிருக்கலாம். உயில் இல்லன்னா சட்டம் சொல்றதுதான். பெண்டாட்டி, பெத்த பிள்ளைங்க. கூட வந்த பிள்ளைக்குச் சட்டத்துல இடமில்ல." பிறகு பெரியவன் பக்கம் திரும்பினார். "மூத்த மகன் நீதானே? நீ சொல்லுப்பா. அவருக்கு எத்தனை பிள்ளைங்க?"

பெரியவன் சித்தப்பாவை ஒரு தரம் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

"ரெண்டு பேரு" என்றான்.

கர்ணம் எழுதிக்கொண்டார். என் மூஞ்சியில் அறைந்த மாதிரி இருந்தது. அவன் சொன்னது உண்மைதான், அதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது. உள்ளே போய், குடித்த தம்ளரைச் சுவரில் எறிந்தேன். அது எவர்சில்வர், நெளியக்கூட இல்லை.

கோபம் இரண்டு நாளில் ஆறிவிட்டது. அதற்கு அடியில் இருந்த கேள்வி ஆறவில்லை. இடத்தைப் பற்றிய கவலை இல்லை என்று சொன்னால் பொய். எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம், நிற்க ஒரு அடி மண் இல்லாதவள் என்பது சாதாரணம் இல்லை. ஆனால் என்னைக் குடைந்தது வேறு. பர்ஃபியை டிவைடர் வைத்துப் பங்கு போட்ட மனிதர் வீட்டை மட்டும் ஏன் பங்கு போடாமல் போனார்? மறந்துபோகிற ஆள் இல்லை அவர். உயில் இல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் கிடையாது என்று தெரிந்தே சும்மா இருந்தாரா? அப்படியென்றால் அந்த 'நடுவு' வெறும் வாய்வார்த்தைதானா? இருபது வருஷம் டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு இதைத் தெரிந்துகொள்ளாமல் சோறு இறங்கவில்லை.

முதலில் அம்மாவைக் கேட்டேன்.

"செத்துப்பூட்ட மனுசன இன்னாடி கேள்வி கேக்கற? வாயக் கய்வினு வேலையப் பாரு" என்றாள். பிறகு அவளே முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

நைனாவின் சாமான்களைத் துழாவினேன். டூல் பெட்டியில் டிவைடர், டேப், துரு ஏறாமல் இருக்க எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஸ்டீல் ஸ்கேல். டிரங்குப் பெட்டியில் ரேஷன் கார்டு, மனைப் பத்திரம், நாங்கள் பாஸான ரிப்போர்ட் கார்டுகள். வேறு ஒன்றும் இல்லை. சின்னவளைக் கேட்டேன். பக்கத்து வீட்டாரைக் கேட்டேன். கடைசியில் சாப்பாட்டு நேரத்தில் நைனா வேலை பார்த்த கம்பெனி கேட்டுக்கே போய், அவருக்கு அடுத்த மிஷினில் நின்றவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் டிபன் கேரியரை மூடிவைத்துவிட்டு யோசித்தார்.

"போன வருசம் ஒரு நாளு அரை நாள் லீவு போட்டுகினு பூந்தமல்லிக்குப் போனாரும்மா. ரெஜிஸ்தர் ஆபீஸாண்ட பத்திரம் எய்தற பாய் ஒருத்தரு கீறாரு, அவராண்ட. நாந்தான் சைக்கிள் குடுத்தேன். திரும்பி வந்து ஒண்ணும் பேசல. மிஷின ஆன் பண்ணிட்டாரு."

அம்பத்தூரிலேயே பத்திரம் எழுதுகிறவர்கள் இருக்கும்போது, தெரிந்த கண் எதுவும் படாத இடமாகப் பார்த்துப் போயிருக்கிறார். எழுதியிருக்கிறார் என்றால் காகிதம் எங்கே? எழுதவில்லை என்றால் எதற்குப் போனார்? மறுநாளே நானும் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினேன்.

பாய் வேப்பமரத்தடியில் சாய்வு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தொப்பி, காதில் ஒரு பேனா, கையில் ஒரு பேனா. நைனாவின் பேரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்க்காமலே, "யாருன்னு தெரியலயே" என்றார். டர்னர், அம்பத்தூர் எஸ்டேட் என்றேன். உடனே பேனாவைக் கீழே வைத்தார்.

"விரல் இடுக்குல இரும்புக் கறையோட வந்தாரே, அவரா? ஒரு முழுத் தாளைக் கெடுத்துட்டுப் போனவரும்மா அவர். நீ யாரு?"

"நடுவுல உள்ள பொண்ணு" என்றேன்.

பாய் பக்கத்து டீக்கடையில் இருந்து எனக்கு ஒரு முக்காலி கொண்டுவரச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"உயில் எழுதணும்னு வந்தார். வீடு மனைவிக்கு, பின்னாடி இடம் மூணு பிள்ளைங்களுக்கும் சமமா. நல்ல மனுஷன், குழப்பமே இல்ல. எழுத ஆரம்பிச்சேன். மனைவி எழுதினேன், மகன் எழுதினேன். அடுத்தது நீ. உன் வயசும் கல்யாண வருஷமும் ஒத்துப்போகல. தோண்டிக் கேக்கறதுதானே என் தொழில், கேட்டேன். சொன்னார். அப்ப உள்ளபடி எழுதணும்ங்க, 'என் மனைவிக்கு முந்தின கணவர் மூலம் பிறந்த பெண்'னு எழுதணும், இல்லன்னா நாளைக்கு எவனாவது இந்த உயிலே பொய்யின்னு கோர்ட்டுக்குப் போவான்னேன். உன் நல்லதுக்குத்தான்மா சொன்னேன்."

"அவர் இன்னா சொன்னார் பாய்?"

"என் கையைப் புடிச்சிக்கிட்டார். 'அப்படி எழுதாதீங்க பாய். நான் பூட்ட பொறவு அது இத்தப் படிக்கும். டைப் அடிக்கற பொண்ணு, ஒரு எழுத்து உடாது. இருவது வருசமா நான் சொல்லாதத ஒரு காகிதம் அதுக்குச் சொல்லணுமா?'ன்னார். வேற மாதிரி எழுதித் தாங்கன்னார். பொய் எழுத மாட்டேன்னுட்டேன். யோசிச்சு வரேன்னு அந்தத் தாளை மடிச்சுச் சட்டைப்பையில வெச்சுக்கிட்டுப் போனவர்தான், வரவே இல்ல."

நான் முக்காலியில் உட்கார்ந்து, ரெஜிஸ்தர் ஆபீஸ் கூட்டம் முழுக்கப் பார்க்க, வெட்கமில்லாமல் அழுதேன். என்னை விட்டுவிடுவதற்காக உயிலை நிறுத்தியவர் இல்லை அவர். என்னை வேறு என்று எழுதக் கை வராமல் நிறுத்தியிருக்கிறார். அந்த ஒரு வரிக்குப் பயந்து, எனக்குச் சேர வேண்டியது எனக்குச் சேராமலே செய்துவிட்டுப் போன பைத்தியக்கார மனுஷன். பாய்க்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு ஸ்டீல் ஸ்கேல் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் டூல் பெட்டியைத் திறந்தேன். ஊர்க் காகிதத்தையெல்லாம் பிரித்துப் படிக்கிறவள், ஸ்கேலைச் சுற்றியிருந்த அந்த எண்ணெய்க் காகிதத்தை மட்டும் பிரிக்காமல் விட்டிருக்கிறேன். பிரித்தேன். பாயின் நீல மைக் கையெழுத்து அரைப் பக்கம் ஓடி, பெரியவன் பேரோடு நின்றிருந்தது. திருப்பினேன். பின்பக்கம் நைனாவின் பென்சில். மூன்றாம் கிளாஸ் படித்தவர், எழுத்து அவ்வளவாக வராது. ஆனால் டிராயிங் போடுவார். கம்பெனியில் ஒரு பாகத்துக்குப் போடுகிற மாதிரியே எங்கள் மனையை மேலிருந்து பார்த்துப் போட்டிருந்தார். முன்னால் ஒரு கட்டம், அதில் 'வூடு'. பின்னால் மூன்று பட்டைகள், மூன்றிலும் ஒரே அளவு, அடியும் அங்குலமும் போட்டு. நடுப் பட்டைக்குள் கிணற்றுக்கு ஒரு வட்டம். ஒரு பேரும் இல்லை. யார் யாருக்கு என்ன முறை என்பதும் இல்லை.

பெரியவன் ஷிஃப்டு முடிந்து சைக்கிளை உள்ளே ஏற்றும்போது வெயில் இன்னும் இருந்தது. நான் காகிதத்தை அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினேன். சைக்கிளைப் பிடித்தபடியே இரண்டு பக்கத்தையும் பார்த்தான். பாய் சொன்னதைச் சொன்னேன்.

"அவரு மூணு போட்டிருக்காரு. நீ ரெண்டுன்னு சொன்னியே, வாய் கூசல?"

"சித்தப்பா நின்னுகினு இருந்தாரே, பாக்கலியா நீ?" என்றான். "அந்த லிஸ்டுல ஒரு பொய் ஏறினா போதும், பெட்டிசன் போட்டு மொத்தத்தையும் அடிச்சிருப்பாரு. ஒம்பேரு போறதோட நிக்காது, சித்தி பேரும் பூடும். அப்பறம் தெருவுலதான் நிக்கணும் எல்லாரும். சர்டிபிகேட் வரட்டும், எங்க கைக்கு வந்த பொறவு நாங்க யாருக்கு எய்திக் குடுத்தா எவன் கேக்கறது?"

"இத்த என்னாண்ட சொல்லி இருக்கலாமில்ல?"

"நீ கேக்கலியே." அவன் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டான். "மிஷின்காரர்லேர்ந்து பூந்தமல்லி பாய் வரைக்கும் கேட்டுகினு சுத்தற. என்ன மட்டும் கேக்கல."

யோசித்துப் பார்த்தால், இருபது வருஷத்தில் அவனை நான் ஒன்றும் கேட்டதே இல்லை.

அவன் டூல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். அம்மாவும் சின்னவளும் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார்கள். நான் சொல்லாமலே போய்ப் பூஜ்யம் இருக்கிற முனையைப் பிடித்துக்கொண்டேன். அவன் இழுத்துக்கொண்டு போய் மதில் ஓரத்தில் குனிந்து பார்த்தான், காகிதத்தைப் பார்த்தான், முளைக்குச்சி அடித்தான். மூன்று பட்டையும் நைனா போட்ட கணக்குக்கு மயிரிழை தப்பாமல் இருந்தது. கிணறு நடுவில் விழும்படி அவர் கோடு போட்டாரா, கோடு போட்ட இடத்தில் கிணறு இருந்ததா, அது எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"சரி, எடு" என்றான் பெரியவன், டேப்பைச் சுற்றிக்கொண்டே.

"நீதான் பெரியவன். நீ எடு."

"நான்தான அளந்தேன்? வெட்டுறவன் கடைசியா எடுக்கணும்."

சின்னவள் வழக்கம்போல, "எனக்கு எதுன்னாலும் சரி" என்றாள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் ஒரு நிமிஷம் நல்லவளாக இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. கையை நீட்டி, கிணறு இருந்த நடுப் பட்டையைக் காட்டினேன்.

பெரியவன் சிரித்துவிட்டான். "தெரியும்டி. முந்திரிப்பருப்பு கீற துண்டத்தான் தூக்குவ."

அன்றைக்குத்தான் நான் அவனை மறுபடி அண்ணா என்று கூப்பிட்டேன். இந்த முறை திரும்பினான்.

சர்டிபிகேட் கைக்கு வந்து, பட்டா மாறி, சித்தப்பாவும் ஓய்ந்த பிறகு, அம்மாவும் அண்ணனும் சின்னவளும் சேர்ந்து அந்தப் பட்டையை எனக்கு எழுதிக் கொடுத்தார்கள். எழுதியது பூந்தமல்லி பாய்தான். சட்டப்படி எழுத வேண்டிய எல்லாவற்றையும் அவர் எழுதியிருப்பார், பொய் எழுதுகிற ஆள் இல்லை. எழுதி முடித்ததும், எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்துக் காட்டுவது அவர் வழக்கம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"வாசிக்க வேணாம் பாய்" என்றான் அண்ணன். "பேனாவக் குடுங்க."

அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பத்திரம் இன்றும் என் பீரோவில் இருக்கிறது. பொட்டலக் காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிற நான், அதை மட்டும் ஒரு நாளும் பிரித்துப் படித்ததில்லை.